பேசினாலே போதும்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். அந்தத் தீவின் உப்புக் காற்றில் உன் காதுவலி எப்படி இருக்கிறது? படகு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று சாக்குச் சொல்லாமல் பதில் எழுது.

நீ அனுப்பிய, பேசவும் கேட்கவும் ஆகிற கைரேடியோ பத்திரமாக வந்து சேர்ந்தது. முதல் அபிப்பிராயம் எழுதச் சொன்னாய். இதோ. கையில் எடுத்ததும் ஏமாற்றம், இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று. பேட்டரியை மாட்டியதும் மரியாதை வந்தது. குளியல் சோப்பு அளவு, அதைவிடக் கொஞ்சம் கனம். சேனலை மாற்றினால் உள்ளே இருந்து ஒரு பெண் எண்ணைச் சொல்கிறாள். "யாருங்க அது வீட்டுக்குள்ள?" என்று உன் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கூட வந்த கையேட்டின் எழுத்து எறும்புக்கால் மாதிரி. நாள் பூராவும் ஊருக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற நானே லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். இடுப்பில் மாட்டும் கிளிப் மட்டும் மட்டம். இரண்டு தடவை நழுவிவிட்டது.

பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியதெல்லாம் உன் நச்சரிப்பால்தானே. பேசும் பொத்தானை ஒரு வழியாக அழுத்தினேன். தண்ணீர்த் தொட்டி உச்சியில் ரிப்பீட்டர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, நாம் பேசுவதை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்புகிற இயந்திரம் (உனக்குத் தெரியாததில்லை, உன் அண்ணிக்கு விளக்கியது அப்படியே வருகிறது), அதன் வழியாக என் பெயரும் லைசென்ஸில் எனக்குக் கொடுத்த கால் சைன் எழுத்துகளும் சொன்னேன். உடனே ஒரு குரல், "வாங்க வாங்க, புதுக் குரலா இருக்கே!" என்றது. அவர் பல் டாக்டராம். ஞாயிறு காலை ரேடியோக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். ஏழெட்டுப் பேர் வந்து பேசினார்கள். எனக்குக் 'கண்ணாடிக்காரர்' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அதில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர். நல்ல மனுஷன், ஆனால் திக்குவாய். அந்த ரிப்பீட்டருக்கோ பொறுமை கிடையாது. ஒரே ஆள் அளவுக்கு மேல் பொத்தானைப் பிடித்திருந்தால் 'டொக்' என்று வெட்டிவிடும். இவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை வெட்டிவிட்டது. நீ கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாய்.

மற்றவை பின்னர். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். காதுவலி போய்விட்டது, இருமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயப்படாதே, சாதாரண இருமல்தான். அண்ணியின் கழுத்துவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த மறுநாள் காற்று பலமாக இருந்ததால் கப்பல் எதுவும் உள்ளே வரவில்லை. துறைமுக வயர்லெஸ் அறையில் எனக்கு வேலையே இல்லை. மூன்று தடவை படித்தேன். எங்கள் அலுவலகத்துக்குச் சாமான் அனுப்புகிற ரேடியோக் கடையில், போன லீவில் போனபோது இரண்டு மாடல் வைத்திருந்தார்கள். கடைக்காரம்மா, "உங்க அண்ணன் புதுசுன்னா இதைக் குடுங்க, விழுந்தாலும் உடையாது" என்று எடுத்துத் தந்தது அது. கிளிப் விஷயத்தை அவரிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேள். மெனுவுக்குள் போய்க் கண்டதையும் நோண்டாதே. சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தைப் பிரித்து ஏழு உறுப்பு மிச்சம் வைத்தவன் நீ.

லிஃப்ட்காரரை இதற்குள் நீ அண்ணியிடம் செய்து காட்டியிருப்பாய் என்று தெரியும். நம் மாமாவின் தும்மலையும் தபால்காரரின் குரலையும் நீ செய்தால் வீடே வயிற்றைப் பிடித்துக்கொள்ளுமே. இந்தத் தீவில் பேச ஆளில்லாமல் கிடக்கிறாள் உன் தங்கை. நான் லீவில் வரும்போது எனக்காக ஒரு தடவை செய்து காட்ட வேண்டும், சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன்,
வாலு


பிப்ரவரி 18

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? 'சாதாரண இருமல்' என்று நீயே முடிவு செய்ய நீ எப்போது டாக்டரானாய்?

நோண்டாதே என்றாய். நோண்டிவிட்டேன். இருந்தாலும் கேள், எத்தனை வசதி! டார்ச் இருக்கிறது. எஃப்.எம். வருகிறது. 'வாக்ஸ்' என்று ஒன்று, பொத்தானையே அழுத்த வேண்டாம், பேசினாலே போதும், தானாக ஒலிபரப்பும். கடையில் இரண்டு கையிலும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு பேசலாமே என்று போட்டுப் பார்த்தேன். நான் இருமினால்கூட ஊருக்குப் போகிறது. பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன். அணைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மெனு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது.

லிஃப்ட்காரரும் நானும் இப்போது நல்ல சிநேகம். ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்து, ஒரு கால் ஒடிந்த கண்ணாடியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பேசாமல் விரலால் காட்டினார். "எவ்ளோ நாளா ஒடஞ்சிருக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. நேரில் ஐந்து வார்த்தை பேச மாட்டார். ரேடியோவில் அரைமணி நேரம் பேசுவார். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் ரூமில்தானே வேலை, அங்கிருந்து பேசினால் சிக்னல் பளிச்சென்று வரும். என் கடைக் கூரைக்கு ஒரு ஒயர் ஆன்டெனா போடச் சொல்லிக்கொடுத்தார். நானும் அவருக்குப் புது ஃபிரேம் மாட்டிக் கொடுத்தேன். "ரேடியோல மட்டும் எப்படி சார் இவ்ளோ பேசறீங்க?" என்று கேட்டே விட்டேன். "எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி தெரியாதுல்ல" என்றார்.

நீ கேட்ட வித்தையை நேற்று மாலை அரங்கேற்றிவிட்டேன். உன் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் வணக்கம் சொல்வது, பாதியில் ரிப்பீட்டர் 'டொக்' என்று வெட்டுவது, அவர் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பது. இரண்டு பாத்திரமும் நானே. கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கழுத்துவலி வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நலம். இருமல் நின்றுவிட்டது, டாக்டரையும் பார்த்துவிட்டேன், போதுமா?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். 'டொக்' என்கிற இடத்தில் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இப்போது எங்கள் அறையில் யாராவது இழுத்துப் பேசினால் 'டொக்' என்கிறோம்.

லிஃப்ட்காரர் சௌக்கியமா? புது ஆன்டெனா எப்படி? விவரமாக எழுது. இந்தப் படகுக்கே உன் கடிதத்தை எதிர்பார்த்தேன்.

உன்,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ரேடியோ சரியில்லை. பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டேன். கடையில் வேலை அதிகம். அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

நலம். உனக்கு என்ன ஆயிற்று? ஐந்து வரியில் ஒரு கடிதம்! கடைக் கணக்கு எழுதுகிற தாளைக் கிழித்து எழுதினாயா?

ரேடியோ சரியில்லை என்றால் என்ன சரியில்லை? பேட்டரி நிற்கவில்லையா, சிக்னல் போகவில்லையா? வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கடைக்காரம்மாவுக்கு அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். 'தீவில் உட்கார்ந்திருப்பவள் நேரில் வந்து கேட்கவா போகிறாள் என்று ஓட்டைப் பொருளைத் தலையில் கட்டிவிட்டீர்கள். விழுந்தாலும் உடையாது என்று வாய்கூசாமல் சொன்னீர்கள். இனி எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு ஸ்க்ரூகூட உங்களிடம் வாங்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு' என்று விட்டேன் ஒரு விளாசு. என் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். இந்த மாதம் அவர்களுக்குப் போக வேண்டிய ஆர்டர் நின்றுவிட்டது.

நீ அதை அப்படியே பெட்டியில் வைத்து அவர்களுக்கு அனுப்பு. கூச்சப்படாதே. உனக்காகப் பேச நான் இருக்கிறேன்.

அண்ணி எப்படி இருக்கிறார்? நீ ஏன் இப்படி எழுதுகிறாய்?

உன்,
வாலு


மே 5

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுவது. உடம்பால் எல்லாரும் சுகம். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். தெரிந்தாலும் தெரியட்டும்.

உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்துப் படித்தேன். யாரோ ஒரு கடைக்காரப் பெண்மணி எங்களால் ஏச்சு வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை.

லிஃப்ட்காரர் மாதிரி எனக்குச் செய்து காட்டியதாக உனக்கு எழுதினாராமே, அதற்கு இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் கடைக்கு வந்தார். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரேடியோல வாக்ஸ் ஆன்ல இருக்கு. வீட்ல பேசறது எல்லாம் வெளிய வருது. அதை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க" என்றார்.

"எப்போலேந்து வருது?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டு நாளா. நேத்து நீங்க காலைல பாட்டுப் பாடினது வந்துச்சு. அது பரவால்ல சார். முந்தாநாள் சாயங்காலம்..." என்று நிறுத்திவிட்டார். இவர் கையிலிருந்த ஃபிரேமைக் கவுண்டரில் வைத்துவிட்டார்.

எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அது மட்டும் இல்லை. அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் இவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் ரூமில் சின்ன எழுத்தெல்லாம் படிக்க முடிகிறது என்று சொல்வதற்காகக் கூப்பிட்டாராம். காய் நறுக்கும்போது இரைச்சலாக இருக்கிறது என்று சொல்லி நான்தான் அதன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டு முடித்து, பதிலுக்குக் காத்திருந்த அவருக்குப் பதிலாகப் போனது, அவர் குரலையே இவர் செய்து காட்டியது. அப்புறம் சிரிப்பு.

பல் டாக்டர் கிளம்பும்போது, "மேடம் சிரிச்சதும் வந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் ரேடியோவுக்கு வரவில்லை. இவரும் எடுப்பதில்லை. நான் எதற்குச் சிரித்தாலும், டிவியைப் பார்த்துச் சிரித்தாலும்கூட, இவர் எழுந்து போய்விடுகிறார். நானும் நிறுத்திவிட்டேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. என் சிரிப்பு மட்டும் அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணி எழுதினார். அவரைக் கோபிக்காதே.

உன்னைத் திட்ட வேண்டும் என்று இரண்டு தாள் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். செய்து காட்டு என்று கேட்டவள் நான். படித்துக் காட்டிச் சிரித்தவள் நான். இந்த அறையில் 'டொக்' இன்னும் நிற்கவில்லை. நேற்று ஒரு மாலுமி வயர்லெஸில் கொஞ்சம் தடுமாறிப் பேசினார். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்து 'டொக்' என்று உதட்டை அசைத்தார். நான் முறைத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். என்ன என்று சொல்வது? நான்தானே ஆரம்பித்து வைத்தேன்.

கேள், இன்னும் இருக்கிறது. கடைக்காரம்மா ஒரு புது ரேடியோவை அனுப்பி வைத்திருக்கிறார். படகில் போன வாரம் வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'உங்கள் அண்ணனுக்கு வருத்தம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கிளிப்பும் மாற்றியிருக்கிறோம்.' அவர்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை, அவர் மன்னிப்புக் கேட்கிறார். பிழை முழுக்க நம்முடையது, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? நீ அலமாரி மேல் வைத்திருக்கிறாய்.

அந்தப் புது ரேடியோவைத் திருப்பி அனுப்பி, மேலதிகாரியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். "விசாரிக்காம ஏம்மா ஆர்டர நிறுத்தச் சொன்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நின்றுகொண்டிருந்தேன்.

ரேடியோ சரியில்லை என்று நீ எழுதினாயே, அதை எழுதும்போது நான் இதையெல்லாம் செய்வேன் என்று உனக்குத் தெரியாதா? என்னைப் பிறந்ததிலிருந்து தெரியுமே உனக்கு.

அந்த மனிதரைப் போய்ப் பார்.

வாலு


ஜூன் 14

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ நலமாக இருக்க வேண்டும். நீ எல்லார் முன்னாலும் நின்றதாக எழுதிய வரியைத் தாண்டிப் படிக்க நேரமாயிற்று.

போய்ப் பார்த்தேன். எங்கே வேலை செய்கிறார் என்று பல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஏழுமாடிக் கட்டடம். கீழே லிஃப்ட் கதவில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கியது. படியேறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று மாடிக்கு மாடி ஒத்திகை பார்த்தேன். நான்காவது மாடியில் ஒரு அம்மாள் மூட்டையோடு உட்கார்ந்து, "எப்பத்தான் சரியாகுமாம்?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன்.

மோட்டார் ரூம் மொட்டைமாடியில் ஒரு மூலையில் இருந்தது. உள்ளே அனல். அவர் கம்பிக் கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மாட்டிக்கொடுத்த கண்ணாடிதான் போட்டிருந்தார். இடுப்பில் ரேடியோ இல்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். நான் பேசுவதற்குக் காத்திருந்தார்.

வாலு, ஏழு மாடி ஏறிய மூச்சு எனக்குத் திரும்பவில்லை. வாயைத் திறந்தேன். "சா... சா... சார், நா... நான்..." என்று வந்தது. ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் அப்படியே, "சா... சார்..."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று.

அவர் சொன்னதை, அவர் சொன்ன விதமாக எழுத மாட்டேன். வார்த்தைகள் இவைதான்: "இதை நேர்லயும் செஞ்சு காட்ட ஏழு மாடி ஏறி வந்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குமேல் வாயைத் திறக்கப் பயம். அவர் திரும்பி ஒரு சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் ஏறத் துணிவு வரவில்லை, படி வழியாகவே இறங்கி வந்தேன்.

வீட்டில் உன் அண்ணி, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தச் சிரிப்பை நான் தவறாக நினைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

நலம். நீ சாப்பிடுகிறாயா? அண்ணியைக் கேட்டதாகச் சொல். தனியாக அவருக்கும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன்.

ஒன்று மட்டும் தோன்றியது. நீ போனது மூடிய ஒரு அறைக்குள், அவர் ஒருவரிடம். அவரைக் கேலி செய்தது ஊரே கேட்க. நான் மேலதிகாரி முன்னால் நின்றபோது, எல்லாரும் இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் இல்லாத இடத்தில் சொல்லியிருந்தால், ஆர்டர் போன கெட்ட பெயர் அந்தக் கடைக்கு அப்படியே தங்கியிருக்கும்.

கடைக்காரம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வந்தது: 'பரவாயில்லை. இனி தேவைப்பட்டால் கீழ்க்கண்ட கடையில் நல்ல பொருள் கிடைக்கும்.' வேறு ஒரு கடையின் முகவரி கொடுத்திருக்கிறார்.

அலமாரியிலிருந்து ரேடியோவை எடு. முதலில் வாக்ஸ் அணைந்திருக்கிறதா என்று பார்.

உன்,
வாலு


ஜூலை 29

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டதில் உன் அண்ணிக்குக் கழுத்துவலி கொஞ்சம் அதிகம். நீ ஈரத்தில் நிற்காதே.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு ஞாயிறு விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம். போன ஞாயிறு உன் அண்ணியே அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, என் முன்னால் வைத்தாள். "எனக்கு லைசென்ஸ் இல்ல. இருந்தா நானே பேசிடுவேன்" என்றாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். பல் டாக்டர் கூட்டத்தை ஆரம்பித்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கால் சைன் சொன்னேன். பிறகு பல் டாக்டர், "சொல்லுங்க கண்ணாடிக்காரரே" என்றார்.

தாளைப் பார்த்துப் படித்தேன். "எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி மாதம் என் ரேடியோவில் ஒரு செட்டிங் தவறாக இருந்த காரணத்தால், எங்கள் வீட்டில் நடந்த ஒரு தனிப்பட்ட பேச்சு வெளியே வந்துவிட்டது. அதனால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." பொத்தானை விட்டேன். பரவாயில்லை, சொல்லிவிட்டோம் என்று உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது லிஃப்ட்காரரின் குரல். ஐந்து மாதமாக வராத குரல். முதலில் தன் கால் சைனைச் சொன்னார். அவசரப்படாமல், எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு சொன்னார். நடுவே யாரும் குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்:

"கண்ணாடிக்காரர் சொன்னது கிடைக்கல. திரும்பச் சொல்லுங்க."

தாளையே திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். 'செட்டிங் தவறாக' என்கிற இடத்துக்கு வந்ததும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டேன். "வீட்ல ஒருத்தர் பேசற மாதிரி நான் பேசிக் காட்டினேன். அது எல்லாருக்கும் கேட்டுடுச்சு. வருத்தப்படறேன்" என்றேன்.

"பாதிதான் வந்துச்சு" என்றார். "மறுபடி சொல்லுங்க."

உன் அண்ணி அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, மடித்து வைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஊர் முழுக்க என் மௌனம் போய்க்கொண்டிருந்தது. பிறகு சொன்னேன். "உங்களத்தான் சார் கேலி பண்ணேன். உங்க பேச்சை. என் வொய்ஃப் சிரிக்கணும்னு பண்ணேன். ரேடியோ நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு என் மேல. யாருக்கும் கேக்காம இருந்திருந்தா மறுபடியும் பண்ணியிருப்பேன். அன்னிக்கு மாடிக்கு வந்தப்போ நான் செஞ்சு காட்டல. மூச்சு வாங்கிச்சு, பயமாவும் இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

விரலை எடுத்தேன். ரிப்பீட்டரின் சின்ன இரைச்சல் வந்து அடங்கியது. உன் அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"இப்பக் கிடைச்சுது" என்றார் அவர். அவ்வளவுதான். கூட்டத்தைப் பல் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் வந்து மழையைப் பற்றிப் பேசினார்.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. மறுநாள் பல் டாக்டர் கண்ணாடி துடைக்கும் துணி வாங்கக் கடைக்கு வந்தார். "என் சிக்னல் நேத்து அவ்ளோ மோசமாவா சார் இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணு தடவையும் கண்ணாடி மாதிரி வந்துச்சு சார். மோட்டார் ரூம்லேந்துதான் அவர் கேட்டுட்டு இருந்தாரு, அங்க இன்னும் நல்லா வந்திருக்கும்."

உன் அண்ணி அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். அடுத்த படகில் பதில் போடு.

இப்படிக்கு,
அண்ணன்